தனசேகரனுக்கு ஒரு கம்பைலர்

என் மூத்தார் தனசேகரன், அதாவது என் வீட்டுக்காரரோடு கூடப்பிறந்த அண்ணன், பதினெட்டு வருஷம் கழித்து என் கடைப் படியேறி வந்து கேட்ட முதல் கேள்வி, "கம்பைலர் இன்னா வெல வரும்?" என்பதுதான். நல்லா இருக்கியா என்று இல்லை, பிள்ளைகள் எப்படி என்று இல்லை. நான் அப்போது ஒரு பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை மெஷின் மேல் அழுத்திக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் பட்டு இழுத்த விரல், ரேகை விழுவேனா என்றது. சேவூர் ரோட்டில் என்னுடையது சின்னக் கடை. ஜெராக்ஸ், பட்டா நகல், சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், ஆன்லைனில் எது கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன். கடை என்று திறந்துவைத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த ஒரே காரணத்தால்தான் அவர் உள்ளே நின்றார். கையில் ஒரு கட்டைப்பை, அதற்குள் மழையில் ஊறிக் காய்ந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் மூன்று சிடியும் இருந்தன.

பெரியவரை அனுப்பிவிட்டு நிதானமாகக் கேட்டேன். ஐப்பசி மழையில் அவர் கடை மேல்தளத்து ஷீட் ஒழுகியிருக்கிறது. முகூர்த்த ஆர்டருக்காக ஆறு தறிகளில் ஏற்றக் கட்டி வைத்திருந்த ஜக்கார்டு அட்டைகள் அத்தனையும் ஊறிக் கூழாகிவிட்டன. அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதை வைத்துத்தான் சேலையில் மாங்காயும் மயிலும் விழும். அட்டை இல்லாவிட்டால் தறி வெறும் மரம். புதிதாகக் குத்திக்கொள்ளலாம், குத்தும் மெஷின் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் அதே மழையில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுசு வாங்கி, சிடியில் இருந்த புரோகிராமையும் டிசைன்களையும் போட்டுப் பார்த்திருக்கிறார். வேலூரில் இருந்து ஒரு ஆளை வரவழைத்திருக்கிறார். அந்த ஆள் இரண்டு நாள் மல்லுக்கட்டித் திரையில் படத்தை வரவழைத்துவிட்டார். மெஷினுக்குத்தான் போகவில்லை. இந்தக் கம்ப்யூட்டரின் சாக்கெட் நம்பர் வேறு, புரோகிராமில் இரண்டு வரி மாற்றி மறுபடி கம்பைல் பண்ண வேண்டும், அது பேசிக் என்கிற பழைய மொழி, அதற்கு, எழுதிய வரிகளைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தருகிற கம்பைலர் தேடிப் பிடிக்க வேண்டும், கிடைத்தாலும் விலை கூடத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ரெண்டு வாரம் பாப்பேன். ஆவலன்னா ஆர்டர வெளிய குடுத்துட்டு, ஆறு வூட்லேர்ந்தும் பெட்டிய கழட்டினு வந்துடுவேன்," என்றார் மூத்தார். மற்ற எட்டுத் தறிகளில் அவர் அட்டையே வேண்டாத எலெக்ட்ரானிக் பெட்டி போட்டுவிட்டார். அட்டையில் ஓடுபவை இந்த ஆறுதான். தறி மேல் உட்கார்ந்து அட்டையை ஓட்டுகிற அந்தப் பெட்டியைக் கழற்றினால் அந்த ஆறு வீட்டிலும் நெசவு முடிந்தது என்று அர்த்தம். அதில் ஒரு வீடு, எனக்கு வேண்டிய நெசவாளி கன்னியம்மாவுடையது. இதை நான் அப்போதே கேட்டேன், காதில் நன்றாகவே விழுந்தது. பின்னால் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தப் புரோகிராமை எழுதியது நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் ஒரு படி ஏறிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் தேசூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்தவாசி போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேசிக் படித்தேன். புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உண்டாக்கிய மொழி அது. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அங்கே போ என்று வீட்டில் வேலை ஏவுவதுபோல வரிசையாக எழுதினால் போதும். ஆரணிக்கு மருமகளாக வந்தபோது மூத்தார் கடையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏழு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். வயிற்றில் என் பெரியவள். காலையில் சமையல், மத்தியானம் புரோகிராம், சாயங்காலம் மறுபடி சமையல். கிராஃப் தாளில் மூத்தார் போட்ட டிசைனைக் கட்டம் கட்டமாக உள்ளே வாங்கி, பாதி கொடுத்தால் மறுபாதியைத் தானே திருப்பிப் போட்டு, அட்டை அட்டையாகப் பிரித்து மெஷினுக்கு அனுப்பும். முதல் திரையில் 'தனசேகரன் டிசைன்ஸ்' என்று வரவேண்டும் என்றார். எழுதினேன். அப்போது நான் புது மருமகள்.

சோதனைக்குத் தறி கொடுக்க ஒரு நெசவாளியும் ஒப்பவில்லை, கூலி கெடும் என்றார்கள். கன்னியம்மா மட்டும் கொடுத்தாள். அவள் வீட்டில் தறிக்குழிப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். முதல் தடவை மாங்காய் தலைகீழாக விழுந்தது. அடுத்த தடவை மயிலுக்கு இரண்டு கொண்டை. நெய்ததை இழை இழையாகப் பிரித்துவிட்டு, போய்ச் சரியாகப் போட்டுக்கொண்டு வா என்று அனுப்புவாள். முகம் சுளித்ததில்லை. எனக்குப் புளிப்பாக எதையாவது தின்னக் கொடுத்துத்தான் அனுப்புவாள். மயிலுக்கு ஒற்றைக் கொண்டை விழுந்த அன்று என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள்.

பிறகு பாகப்பிரிவினை, அவரோடு பேச்சு நின்றது அதோடுதான். சாதியில் பெரிய மனுஷர்கள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்க, நான் மேஜை மேல் இரண்டையும் கொண்டுவந்து வைத்தேன். ஒன்று, ஓடுகிற புரோகிராம் உள்ள சிடி. இன்னொன்று, நான் கைப்பட எழுதிய மூலம், சோர்ஸ் என்பார்கள், அதை அச்சடித்த தாள் கட்டும் ஃபிளாப்பிகளும். எது வேண்டும் என்று கேட்டேன். மூத்தாருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. எவன் நெய்த சேலையானாலும் சரி, ஒன்று கையில் கிடைத்தால் லென்ஸை வைத்து ஊசி முனையால் இழை எண்ணி மூன்றாம் நாள் அதன் கிராஃபை எடுத்துவிடுவார். அடுத்த மாதம் அதே டிசைன் இவர் தறியில் இறங்கிவிடும். திருட்டு என்று யாராவது சொன்னால் கோபம் வரும், அது கண் வேலை என்பார். அந்தப் புத்தியிலேயே சிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சேல நம்ம கைல இருந்தா போதும், கிராஃப எப்ப வேணும்னாலும் எண்ணி எடுத்துக்கலாம்," என்றார். கம்பைல் ஆன புரோகிராமை அப்படி இழை எண்ணிப் பிரிக்க அவரால் ஆகாது, அவர் கூப்பிடும் எந்த ஆளாலும் ஆகாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவரை என் கடைப் படியேற்றியதும் அந்தக் கட்டுதான், கம்பைலரை வாங்கிக் கொடுத்தால் மூலத்தை வைத்து நான் போட்டுத் தந்துவிடுவேன் என்று நினைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் என்னைப் பற்றி, அவள் என்ன செய்தாள், உட்கார்ந்து டைப் அடித்தாள், அவ்வளவுதானே என்று சொன்னார். நாலு பெரிய மனுஷர்களும் தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரர் அருணகிரி, புண்ணியவான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றிருந்த கன்னியம்மா ஒருத்திதான், அந்தப் பெண்தான் எழுதினாள், என் கண்ணால் பார்த்தேன் என்று குரல் கொடுத்தாள். கூலிக்காரி பாகப் பேச்சில் வாய் வைத்ததற்காக ஒரு மாதம் அவளுக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்காமல் நிறுத்திவைத்தார் மூத்தார். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியது கிடையாது.

இப்போது கம்பைலர் கதைக்கு வருகிறேன். அது என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆள் வராத ஒரு மத்தியானத்தில், சும்மா இருக்கமாட்டாமல் தேடினேன். முதலில் கண்ணில் பட்டதெல்லாம் நம் கைக்கு எட்டாத விலை. விடாமல் தேடியபோது, அந்தப் பழைய மொழி மேல் ஆசை வைத்த யாரோ நாலு பேர் எங்கெங்கோ உட்கார்ந்து புதுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி ஒரு கம்பைலரைச் செய்து, வேண்டுமென்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டிருந்தார்கள். இறக்கினேன். பத்திரமாக வைத்திருந்த என் சோர்ஸைக் கொடுத்தேன். நாற்பது பிழை காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன், ஓடியது. என் கடைத் திரையில் மாங்காய் வந்து நின்றது. காட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அப்படியா என்று சொல்லிவிட்டுக் குழம்பில் உப்பு குறைவு என்றார்.

ஆக, தனசேகரன் என் முன்னால் நின்று விலை கேட்டபோது, நான் எழுந்து என் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். அந்த ஆள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நீ எழுதின புரோகிராம் என்று சொல்லியிருந்தால் நான் செய்திருப்பேனோ என்னவோ. அவர் சொன்னது, "நம்ம புரோகிராமுதான், உனுக்குத் தெரியாததா," என்பது. நம்ம புரோகிராமாம்! எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. முகத்தை மாற்றாமல், ஒரிஜினல்தான் வேண்டும் மாமா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள், ஏழு புள்ளி நாலு என்று வெர்ஷன் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அப்படி ஒரு வெர்ஷன் உலகத்தில் வந்ததே இல்லை. அவர் ஒரு துண்டுத் தாளில் அக்கறையாக எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சென்னையில் இருந்து ஒரு சிடியோடு வந்தார். வேறு மொழியின் கம்பைலரை எவனோ தலையில் கட்டியிருந்தான். இது இல்லை மாமா என்றேன். ஆறாம் நாள் பெங்களூர்க்காரன் ஒருவன் போனில் சொன்ன விலையோடு வந்தார். கேட்டதும் எனக்கே திக்கென்றது. அவசரப்படாதீர்கள், குறைத்துக் கேளுங்கள் என்றேன். எட்டாம் நாள் வேலூர், ஒன்பதாம் நாள் மறுபடி சென்னை. கண் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் இழை எண்ண முடிவதில்லை. கிராஃப் தாள்களும் மழையில் போய்விட்டன. வெளியில் வேறு கடையில் டிசைன் போட்டு வாங்கலாம்தான். ஆனால் தன் டிசைனை இன்னொரு கடைக்காரன் கண்ணில் காட்டவே மாட்டார், அவர் புத்தி அவருக்குத் தெரியுமே. அறுபத்து மூன்று வயசில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, இதுவா பாரும்மா, இதுவா பாரும்மா என்று கேட்பதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. சொல்வதற்கு வெட்கமில்லை. அந்தப் பத்து நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

வீட்டுக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். கொடுத்துத் தொலையேன், அண்ணன் பேஜாராகிவிட்டார் என்றார். பாகம் பிரிக்கும்போது திறக்காத வாய் இப்போது எதற்குத் திறக்கிறது என்று கேட்டேன்.

பதினோராம் நாள் காலையில் கன்னியம்மா கடைக்கு வந்தாள். குழு லோனுக்கு ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் நகல் எடுக்க வேண்டும். உட்காரவைத்து டீ வரவழைத்தேன். டம்ளரை வாங்கிய கையைப் பார்த்தால் விரலெல்லாம் ஊதி, தோல் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. என்ன யக்கா இது என்றேன். தறி நிற்கிறதே, சேவூர்ப் பக்கம் கழனியில் களை எடுக்கப் போகிறேன் என்றாள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சேற்றில் இறங்கிய கை பட்டில் மாட்டும், இழை அறுந்துவிடும், தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன், மழமழப்பு வரமாட்டேன் என்கிறது என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிட்டால் பெட்டியைக் கழற்ற ஆள் வருகிறதாம். அறுபது வயசுக்கு மேல் வேறு யார் பாவு கொடுப்பார்கள் என்றாள். என்னிடம் உதவி கேட்டுச் சொல்லவில்லை. டீ ஆறும் வரைக்கும் பேசுகிற பேச்சுதான் அது.

நான் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ பத்து நாளாக அந்தச் சந்தோஷத்தை ஒருத்தரிடமும் சொல்ல முடியாத தவிப்பு. இதைக் கேட்டுச் சிரிக்க உலகத்தில் யாருக்காவது பாத்தியதை இருந்தால் அது கன்னியம்மாவுக்குத்தான் என்று நினைத்தேன். கிட்டே இழுத்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு புள்ளி நாலு, ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூர்க்காரன், மூத்தார் மூச்சு வாங்குவது வரை நடித்தே காட்டினேன். அன்றைக்குக் கூட்டத்தில் பேசியதற்கு உனக்குக்கூடப் பாவை நிறுத்தினாரே, வாங்கட்டும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தக் கம்பைலரு உன்கிட்ட கீதா?"

இருக்கிறது என்றேன்.

"எத்தினி நேரம் ஆவும், அத்த வச்சி வேல செய்ய?"

அரை மணி என்றேன்.

அவள் நகல்களை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். அவசரமே இல்லை. நான் என்னென்னவோ சொன்னேன். நாளைக்கே செய்துவிடுகிறேன், இன்றைக்கே செய்துவிடுகிறேன், உன்னை நினைத்து இல்லை யக்கா, அந்த ஆளை நினைத்துத்தான் என்றேன். அவள் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டாள்.

"அவரு என்னைப் பட்டினி போட்டா, அவரு மொதலாளி, போடுவாரு. நான் திட்டிகினே அவர்கிட்ட வேல செய்வேன். நீ யாரும்மா?"

குரல் உயரவில்லை. பன்னிரண்டு ரூபாயை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் அவளிடம் ஒரு நாளும் ஜெராக்ஸுக்குக் காசு வாங்கியதில்லை.

அடுத்த அரை மணியில் ஷட்டரை இழுத்துவிட்டு மூத்தார் கடையில் இருந்தேன். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் படியேறுகிறேன், அது எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. பென் டிரைவைச் சொருகி, சாக்கெட் நம்பரைப் பார்த்து, இரண்டு வரியை மாற்றி, கம்பைல் செய்து ஓடவிட்டேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. குத்தும் மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டு முதல் அட்டையைக் குத்தித் தள்ளியது. திரையில் 'தனசேகரன் டிசைன்ஸ்' என்றே வந்தது. அந்த வரியை அழித்து என் பெயரைப் போட வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மறந்தே போனது.

மூத்தார் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். கம்பைலர் எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆனது என்று கேட்டார். நெட்டில் சும்மாவே கிடைக்கிறது, முதல் நாளில் இருந்தே என்னிடம்தான் இருந்தது, வேண்டுமென்றேதான் உங்களை அலையவிட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கத்துவார், பாகப்பிரிவினையில் விட்ட இடத்தில் இருந்து ஆரம்பிப்பார், நானும் பதினெட்டு வருஷத்தையும் சேர்த்துக் கொட்டிவிடலாம் என்று நின்றேன். அவர் கத்தவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, சரிக்குச் சமமான ஒரு வியாபாரியைப் பார்க்கிற மாதிரி.

"பரவால்லம்மா. நானா இருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பேன்."

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. இந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஒரு காலத்தில் நான் ஏங்கியிருக்கிறேன். வந்தது, எதற்கு வந்தது பாருங்கள். சோர்ஸையும் இதிலேயே விட்டுவிட்டுப் போ என்றார் அடுத்த மூச்சில். பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த விஷயத்தில் நான் திருந்தவில்லை. திருந்தவும் மாட்டேன். தனசேகரனை அலையவிட்டதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பொட்டு வருத்தம் கிடையாது.

வெள்ளிக்கிழமை தாண்டி, திங்கட்கிழமை காலையில் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். வலது கையின் இரண்டு விரல்களில் துணியைச் சுற்றியிருந்தாள். ஊடு இழையை இழுத்துக்கொண்டு நாடா போய் வருகிற ஒவ்வொரு தடவையும் அந்த விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், பட்டில் படாமல். நிழல் விழுந்ததில் நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் என்று தெரிந்துகொண்டு மறுபடி குனிந்துகொண்டாள். வா என்று சொல்லவில்லை. தறியும் நிற்கவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன். அந்த டிசைனுக்கு இருநூற்று நாற்பது அட்டை. அவள் மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக மேலே ஏறி, பெட்டியில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரு சுற்று வரட்டும், அதற்குள் எப்படியும் நிறுத்துவாள், நிறுத்தினால் பேசிவிடலாம் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். மாங்காய் ஒன்று முடிந்தது. மயிலின் கழுத்து ஏறி, ஒற்றைக் கொண்டை விழுந்தது. இருநூற்று நாற்பதாவது அட்டை இறங்கியது. சிவப்புப் பேனாவால் கோடு போட்ட முதல் அட்டை மறுபடி மேலே வந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். துணி சுற்றிய விரல்களைத் தூக்கிக்கொண்டு, மிதித்தாள்.